யூசு என்டூர்: பாட்டுக்கும் பதவிக்கும் நடுவில்

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் பாடகர் யூசு என்டூரைப் பற்றிப் பேச்சு வந்தால், 'பாட்டை விட்டுவிட்டு மந்திரியானவர்தானே' என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், மந்திரியானார். 2012 ஏப்ரலில் பண்பாடு, சுற்றுலாத் துறைகளுக்கு அமைச்சராகப் பொறுப்பேற்று 2013 செப்டம்பரில் அமைச்சரவையிலிருந்து வெளியே வந்துவிட்டார், ஒன்றரை வருடம்கூட இல்லை. அதற்கு முன்னால் முப்பது வருடம் தலைநகர் டக்காரிலேயே இருந்துகொண்டு அவர் செய்த வேலைகளைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், அந்த நாற்காலியில் உட்கார்ந்த காலத்தைத்தான் அவருடைய மக்கள் பணி என்று சொல்ல மனசு வராது. எனக்கு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டக்காரில் மெதினா என்று ஒரு பகுதி. 1914இல் ஊரில் பிளேக் பரவியபோது பிரெஞ்சு அதிகாரிகள் நகரின் நடுவில் இருந்த கறுப்பின மக்களைக் கிளப்பிக் கொண்டுபோய் வைத்த இடம் அது. நெருக்கியடித்த வீடுகள், தெருவிலேயே கல்யாணம், தெருவிலேயே பெயர் சூட்டு விழா, தெருவிலேயே மேளம். என்டூர் 1959இல் அங்கேதான் பிறந்தார். அப்பா மெக்கானிக், பையன் ஒழுங்காகப் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று நினைத்தவர், பாட்டெல்லாம் வேண்டாம் என்று சொன்னவர். அம்மா வழியில் பாணர் குடும்பம்.

இந்தப் பாணர் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியாக வேண்டும், அது தெரியாமல் 2012இல் நடந்ததன் கனம் பிடிபடாது. பிரெஞ்சில் கிரியோ என்பார்கள், செனகலின் வோலோஃப் மொழியில் கெவெல். பிறப்பால் வருகிற தொழில். அரச குடும்பங்களின் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக வைத்திருப்பது, சண்டை போட்டுக்கொண்ட இரண்டு வீட்டாரைச் சேர்த்து வைப்பது, கல்யாணத்திலும் போர்க்களத்திலும் புகழ்ந்து பாடுவது, எல்லாம் அவர்கள் வேலை. அரசன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காதில் பேசுகிற அளவுக்குச் செல்வாக்கு இருந்தது, ஆனால் அரசனாகிற உரிமை கிடையாது. மேல் அடுக்குக் குடும்பங்கள் அவர்களுக்குப் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. செத்தபிறகும் விடவில்லை: பாணர் உடல் பட்டால் நிலம் கெட்டுப்போகும் என்ற நம்பிக்கையில், பல ஊர்களில் அவர்களை மண்ணில் புதைக்காமல், பொந்து விழுந்த பாவோபாப் மரத்துக்குள் வைத்து மூடுவார்கள். நாடு 1960இல் சுதந்திரம் அடைந்த பிறகுதான் அந்த வழக்கத்துக்குத் தடை வந்தது. அதாவது என்டூர் குழந்தையாக இருந்த காலத்தில்.

அவர் பதின்ம வயதில் டக்கார் இரவு விடுதிகளில் பாட வந்தபோது அங்கே ஓடிக்கொண்டிருந்தது கியூபா இசை. செனகல்காரர்கள் மேடையில் ஏறி ஸ்பானிஷில் பாடுவார்கள், கேட்கிறவர்களுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் அதுதான் மரியாதையான இசை. என்டூரும் அவரோடு இருந்தவர்களும் அந்த மேடைக்குத் தெரு மேளத்தைக் கொண்டுவந்தார்கள். சபார் என்பது ஒரு கையில் குச்சியும் மறு கை வெறுங்கையுமாக அடிக்கிற மேளம், அடி விழுந்தால் நின்றுகொண்டிருப்பவர்கள் கால்கள் சும்மா இருக்காது. கூடவே தமா, அக்குளில் இடுக்கிக்கொண்டு வார்களை அழுத்தி அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவார்கள், நம் உடுக்கையை நெருங்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தை உடனே புரியும். இந்த மேளங்களுக்கு மேலே கிதாரும் ஊதுகருவிகளும், அதற்கும் மேலே வோலோஃப் மொழியில் என்டூரின் உச்சக் குரல். எம்பலாக் என்ற இந்த இசைதான் இன்றைக்கு செனகலின் அடையாளம். பாட்டு சொந்த மொழியில் வந்ததும் பாடகர் சொல்வது சந்தையில் மீன் விற்கிற பெண்மணிக்கும் புரிந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம் என்று நினைக்கிறேன்.

1985இல் நெல்சன் மண்டேலாவை விடுதலை செய்யக் கோரி டக்கார் விளையாட்டரங்கில் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார். 1988இல் அம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்புக்காக ஸ்டிங், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன் இவர்களோடு உலகம் சுற்றினார். 1994இல் ஸ்வீடன் பாடகி நேனே செர்ரியோடு சேர்ந்து அவர் பாடிய பாட்டு உலகம் முழுக்க ஒலித்தது. 2005இல் கிராமி விருது. இந்த அளவுக்குப் பெயர் வந்த ஆப்பிரிக்க இசைக்கலைஞர்களில் நிறையப் பேர் பாரிசுக்கோ லண்டனுக்கோ குடிபோனார்கள், அதைக் குறை சொல்ல முடியாது, நல்ல ஒலிப்பதிவுக் கூடமும் காசு கொடுக்கிற கம்பெனியும் அங்கேதான் இருந்தன. என்டூர் டக்காரிலேயே இருந்தார். சம்பாதித்ததைக் கொண்டுவந்து அங்கேயே ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார், கேசட் கம்பெனி தொடங்கினார், தியோசான் என்று சொந்த இரவு விடுதி நடத்தினார். நள்ளிரவு தாண்டித்தான் அங்கே கச்சேரியே ஆரம்பிக்கும். ஒலிப்பதிவு செய்ய விமான டிக்கெட் வாங்கவேண்டிய அவசியம் உள்ளூர்ப் பாடகர்களுக்கு இல்லாமல் போனது சாதாரண விஷயம் இல்லை. ஒரு ஒலிப்பதிவுக் கூடம் என்றால் அதில் பாடகர் மட்டுமா, ஒலிப் பொறியாளர், மின்சார வேலை செய்பவர், கேசட் அட்டை அச்சடிப்பவர், அதைத் தெருவில் விற்கிற பையன் என்று ஒரு வரிசையே பிழைக்கும்.

அப்புறம் மலேரியா. இது ஏன் ஒரு பாடகர் கையில் எடுக்கவேண்டிய விஷயம் என்பதை யோசித்துப் பார்த்தால் அழகாக இருக்கிறது. மலேரியாவைப் பரப்புகிற அனோஃபிலிஸ் கொசு முக்கியமாக இரவில் கடிக்கும். மருந்து தோய்த்த வலைக்குள் படுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் வலையைக் கொடுத்துவிடும், ஆனால் வெக்கையான இரவில் அதற்குள் போய்ப் படுக்க வைப்பது யார்? அதிகாரி சொல்லிக் கேட்கமாட்டார்கள், டாக்டர் பக்கத்தில் இருக்கமாட்டார். 2005 மார்ச்சில் டக்காரில் இரண்டு நாள் பெரிய கச்சேரி நடத்தி, கண்டத்தின் பெரிய பாடகர்கள் பலரை வரவழைத்து, மலேரியாவைப் பேச்சாக்கினார் என்டூர். பின்னால் மற்ற செனகல் கலைஞர்களோடு சேர்ந்து மலேரியாவோடு சண்டை போடுவோம் என்று வோலோஃபில் ஒரு பாட்டும் கொடுத்தார். அந்தக் காலகட்டத்தில் இரவு ஒன்பது மணிக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மக்களுக்குத் தெரிந்த ஒரு குரல் வந்து, மணி ஒன்பதாகிவிட்டது, உங்கள் வீட்டில் எல்லோரும் வலைக்குள் போயாயிற்றா என்று கேட்கிற பிரச்சாரமும் நடந்தது. படுக்கப் போகிற நேரத்தில், வீட்டுக்குள் வந்து, சொந்த மொழியில், பிடித்த குரல் கேட்கிற கேள்வி அது. இதைவிடச் சரியான இடத்தில் ஒரு கலைஞரின் புகழைப் பயன்படுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2008இல் பிரிமா என்ற பெயரில் குறுங்கடன் கூட்டுறவு ஒன்று தொடங்கினார். பெயர் ஒரு பழைய அரசருடையது. பெனட்டன் என்ற இத்தாலிய ஆடை நிறுவனம் அதற்கு விளம்பரம் செய்து கொடுத்தது, அதில் செனகல் மக்கள் அவரவர் தொழிலுக்கான சாமான்களோடு நேராக நிற்பார்கள். ஆப்பிரிக்கா என்றாலே வயிறு ஒட்டிய குழந்தையின் படத்தைக் காட்டிக் காசு திரட்டுவது வழக்கமாக இருந்த காலத்தில், எங்களுக்குத் தர்மம் வேண்டாம், திருப்பிக் கட்டக்கூடிய கடன் கொடு என்று சொன்ன விளம்பரம் அது. குறுங்கடன் எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிடும் என்று நான் நம்புகிறவன் இல்லை, வட்டி கட்டியே நொந்துபோனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அந்தப் படங்களில் இருந்தவர்களின் நிமிர்ந்த நிற்பு எனக்குப் பிடித்தது.

இதற்கெல்லாம் மேலே நான் வைப்பது அவர் தொடங்கிய ஊடக நிறுவனத்தை. லோப்செர்வாத்தேர் நாளிதழ், ஆர்எஃப்எம் வானொலி, 2010இல் டிஎஃப்எம் தொலைக்காட்சி. ஒரு பாடகர் டிவி சேனல் வைத்திருப்பது வியாபாரம்தானே, இதில் என்ன சேவை என்று கேட்கலாம். செனகலில் வானொலி செய்த ஒரு வேலையைச் சொன்னால் புரியும். அரசு மொழி பிரெஞ்சு, மக்கள் பேசுவது பெரும்பாலும் வோலோஃப். தனியார் வானொலிகள் வோலோஃபில் செய்தி சொல்லத் தொடங்கியதும் அரசியல் என்பது படித்தவர்கள் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தது. 2000 தேர்தலில் செய்தியாளர்கள் கைப்பேசியோடு வாக்குச்சாவடிகளில் நின்றார்கள், ஒவ்வொரு சாவடியிலும் எண்ணி முடித்ததும் எண்களை அங்கிருந்தே வானொலிக்குச் சொல்லிவிட்டார்கள். நாடே கேட்டுக்கொண்டிருக்கும்போது ராத்திரியோடு ராத்திரியாக எண்களை மாற்றுவது எப்படி? நாற்பது வருடம் ஆண்ட கட்சி தோற்றது, அப்துலாயே வாத் வென்றார், தோற்றவர் அமைதியாகப் பதவியைக் கொடுத்தார். அந்த மாதிரி ஒரு நாட்டில் வானொலி நடத்துவது என்பது வாக்குப் பெட்டிக்குக் காவல் நிற்பதுபோல.

வாத் வந்தது அப்படி. பன்னிரண்டு வருடம் கழித்து அவரே போகமாட்டேன் என்றார்.

2001இல் வந்த அரசமைப்புச் சட்டப்படி ஒரு அதிபருக்கு இரண்டு தடவைதான். வாத் தரப்பு வாதம், முதல் தடவை அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் தொடங்கியதால் அது கணக்கில் வராது என்பது. 2011 ஜூன் 23 அன்று, முதல் சுற்றில் 25 சதவீத வாக்கு வாங்கினாலே அதிபராகிவிடலாம், துணை அதிபரையும் கூடவே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. வாத் தன் மகனை உட்கார வைக்கத்தான் இது என்று ஊரே பேசியது. அன்றைக்கு டக்கார் தெருக்களில் கூடிய கூட்டத்தைப் பார்த்து அரசாங்கம் மசோதாவைத் திரும்பப் பெற்றது. அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்றவர்களில் ராப் பாடகர்கள் இருந்தார்கள். 'போதும், சலித்துவிட்டது' என்று அர்த்தம் வருகிற யெனாமார் என்ற இயக்கம் அவர்களுடையது, ஓயாத மின்வெட்டில் வெறுத்துப்போய் அந்த வருடம் ஜனவரியில் தொடங்கினது. கத்துவதோடு நிற்காமல் அவர்கள் தெருத்தெருவாகப் போய் இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். என்டூரைவிட இவர்களுக்குத்தான் அதிகப் பெருமை சேரவேண்டும் என்று சில நேரம் தோன்றும், வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தது என்னவோ என்டூர் படம்தான்.

2012 ஜனவரி 2 அன்று இரவு என்டூர் தன்னுடைய தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வந்து, அதிபர் தேர்தலில் நிற்கிறேன் என்றார். வெளிநாட்டுக் கச்சேரிகளை நிறுத்தி வைத்திருந்தார். கல்லூரிப் படிப்பு இல்லாதவர் நாட்டை ஆள்வதா என்று கேட்டார்கள். ஆமாம், மேல்படிப்பு இல்லை, ஆனால் அதிபராக இருப்பது ஒரு பொறுப்பு, அது ஒரு தொழில் கிடையாது என்பது அவர் பதிலின் சாரம். வேறு பலர் வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது, பாணர் வீட்டுப் பிள்ளையா என்பது. மரப்பொந்துக்குள் வைக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர், அரசனைப் புகழ்வதற்கென்றே விதிக்கப்பட்ட குரலை வைத்துக்கொண்டு, நீ போ, நான் வருகிறேன் என்று அரசனிடம் சொல்கிறார். நான் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இதுதான்.

சுயேச்சையாக நிற்க 10,000 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். என்டூர் கொடுத்தது 12,936. ஜனவரி 27 அன்று அரசமைப்பு மன்றம், இதில் 8,911 மட்டும்தான் சரிபார்க்க முடிந்தது என்று சொல்லி அவர் மனுவைத் தள்ளிவிட்டது. அதே நாளில் வாத் மூன்றாவது தடவை நிற்கலாம் என்றும் சொன்னது. அன்று இரவு டக்காரில் டயர்கள் எரிந்தன, ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார். என்டூர் பேசாமல் அடுத்த கச்சேரிக்குக் கிளம்பியிருக்கலாம், உலகம் முழுக்க மேடைகள் காத்திருந்தன. தெருவிலேயே நின்றார். பிப்ரவரியில் போராட்டத்தின்போது காலில் அடிபட்டது. முதல் சுற்றில் வாத் 35 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, அடுத்து முன்னாள் பிரதமர் மாக்கி சால். மற்ற எதிர்க்கட்சிகள் எல்லாம் சால் பின்னால் சேர்ந்தன, என்டூரும் சேர்ந்தார். மார்ச் 25 அன்று இரண்டாவது சுற்றில் சால் ஏறக்குறைய 66 சதவீதம் வாங்கினார். வாத் அன்றிரவே போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டார். பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

சரி, அமைச்சர் பதவி. ஏப்ரலில் பண்பாடும் சுற்றுலாவும், அக்டோபரில் பண்பாட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள், சுற்றுலா மட்டும் மிஞ்சியது. கவிஞர் செங்கோர் இருபது வருடம் அதிபராக இருந்த நாடு, 1966இல் உலகம் முழுக்க இருந்த கறுப்பினக் கலைஞர்களை டக்காருக்கு வரவழைத்து விழா எடுத்த நாடு, அங்கே பண்பாட்டுத் துறை என்றால் அதற்கு ஒரு எடை உண்டு. அது ஆறு மாதத்தில் கைவிட்டுப் போனது. சுற்றுலாவில் என்ன நடந்தது? 2013 ஜூலையில் அரசாங்கம் ஐரோப்பியப் பயணிகளுக்கும் விசா கட்டாயம் என்று கொண்டுவந்தது. செனகல்காரர்களிடம் ஐரோப்பா விசா கேட்கும்போது நாங்கள் ஏன் கேட்கக்கூடாது என்ற நியாயம் அதில் இருந்தது, எனக்கு அந்த ரோஷம் புரிகிறது. ஆனால் சாலி கடற்கரையில் ஓட்டல் நடத்துகிறவர்கள் வேண்டாம் வேண்டாம் என்றார்கள், 2015 மேயில் அரசாங்கமே அதை எடுத்துவிட்டது. சுற்றுலாவின் கழுத்துக்கே வருகிற ஒரு முடிவைச் சுற்றுலா அமைச்சர் மட்டும் நினைத்தால் தடுத்துவிட முடியாது, அது எந்த நாட்டிலும் அமைச்சரவை முழுவதன் கையில் இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடம் கட்டும்போது அவர் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பதவியில் அவர் திறமையாக இருந்தாரா இல்லையா என்பதல்ல என் பிரச்சினை. அவரிடம் இருந்த பலமே மக்கள் காதில் நேராக விழுகிற குரல்தான், கோப்புகளுக்கு நடுவில் அந்தக் குரலுக்கு வேலை இல்லை.

அதே நாட்டில் வடக்கே, செனகல் ஆற்றங்கரையில் போடோர் என்ற ஊர்க்காரர் பாபா மால். இவர் கதை தலைகீழ். பாணர் குடும்பத்தில் பிறக்காதவர், பாடவே கூடாதவர், மீன்பிடிக்கிற குலத்துப் பிள்ளை. பாணர் வீட்டில் பிறந்த, பார்வையிழந்த நண்பர் மான்சூர் செக்கோடு சேர்ந்து பாடப் போனார், கடைசிவரை இருவரும் ஒன்றாகவே மேடை ஏறினார்கள். உலகப் புகழ் வந்த பிறகும் போடோரை விடவில்லை. வருடாவருடம் ஆற்றங்கரையில் ஒரு இசை விழா நடத்துகிறார், ஐநாவின் பாலைவனமாதல் தடுப்பு அமைப்புக்கு நல்லெண்ணத் தூதராக இருக்கிறார், நன்-கா என்ற தன் அமைப்பின் மூலம் அந்தப் பக்கத்து மக்களுக்கு விவசாயம், மீன்பிடிப்பு, கால்நடை இவற்றில் வழி ஏற்படுத்திக்கொடுக்கப் பாடுபடுகிறார். சகாராவின் விளிம்பில், மழை பொய்த்தால் ஆடுமாடு சாகிற ஊர்கள் அவை. இளைஞர்கள் கரையோர ஊர்களுக்குப் போய் மரப்படகில் ஏறிக் கேனரித் தீவுகளுக்குக் கிளம்புகிறார்கள், எத்தனை பேர் கடலில் போனார்கள் என்று கணக்கு வைக்கக்கூட ஆளில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, பம்பும் அதை ஓட்ட மின்சாரமும் இருந்தால் நிலம் விளையும். கலைஞர்கள் ஊருக்கு என்ன செய்யலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் பாபா மாலைக் காட்டுவேன், என்டூரைப் பிடிக்காமல் அல்ல, அவர் வழியில் பதவி குறுக்கே வந்தது என்பதால்.

அமைச்சரவையிலிருந்து வெளியே வந்த பிறகும் என்டூர் அமைச்சர் அந்தஸ்தோடு மாக்கி சாலுக்கு ஆலோசகராகத் தொடர்ந்தார். அந்த வருடங்களில் பழைய கதை மெல்லத் திரும்பி வந்தது. 2021 மார்ச்சில் எதிர்க்கட்சித் தலைவர் உஸ்மான் சோன்கோ கைதானபோது இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டார்கள். சால் மூன்றாவது தடவை நிற்பாரா மாட்டாரா என்று இரண்டு வருடம் நாடு பதறியது. 2023 ஜூலையில் நிற்கவில்லை என்று சொன்னார், 2024 பிப்ரவரியில் தேர்தலையே தள்ளிவைத்தார், அரசமைப்பு மன்றம் இந்தத் தடவை அதிபருக்கு எதிராக நின்று, தள்ளிவைத்தது செல்லாது என்றது. 2012இல் தெருவில் நின்ற குரலுக்கு, அதிகாரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்த வருடங்களில் செனகல் இளைஞர்கள் கேட்டிருந்தால் அதில் தப்பில்லை. நானும் கேட்கிறேன், அவர் பாட்டை இன்றும் தினமும் கேட்டுக்கொண்டேதான் கேட்கிறேன்.

2024 மார்ச் 24 அன்று தேர்தல் நடந்தது. பத்து நாள் முன்புவரை சிறையில் இருந்த, 43 வயது எதிர்க்கட்சி வேட்பாளர் பஸ்ஸிரு ஜோமாய் ஃபாய் முதல் சுற்றிலேயே 54 சதவீதம் வாங்கினார். அன்றைக்கும் முடிவு அதிகாரபூர்வமாக வருவதற்கு முன்பே நாட்டுக்குத் தெரிந்துவிட்டது, தனியார் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் சாவடி சாவடியாக எண்களைப் படித்தபடி இருந்தன. அந்த வரிசையில் என்டூர் கட்டிய நிறுவனமும் உண்டு. பத்து வருடம் அவர் கூட நின்ற தலைவரின் வேட்பாளர் தோற்ற செய்தியை அவருடைய ஊடகமும் எல்லோரையும் போலவே சொன்னது.